ரெண்டு மிதி

ஜூன் 3, திங்கள்

இன்று டிரைவிங் வகுப்புக்கு ஐந்து பேர். நாலு பேர் பரவாயில்லை. ஐந்தாவது முத்துப்பேச்சி.

நகராட்சியில் ஒப்பந்தத் துப்புரவு வேலை. காலை வேலை முடிந்த கையோடு அந்தப் பச்சைக் கோட்டுடனே வந்து நிற்கிறாள். அவள் வருவதற்கு முன் டிரைவர் சீட்டில் பழைய பேப்பர் விரித்து வைத்துவிடுவேன். சீட் கவர் புதுசு, முதலாளி கேட்டால் யார் பதில் சொல்வது? அவள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி உட்கார்ந்துகொள்வாள். பேப்பர் கசங்கிவிடுமோ என்று அசையாமல் வேறு உட்காருவாள்.

வலது கையில் மோதிர விரலில் கட்டு. குப்பைக்குள் உடைந்த டியூப் லைட் கிடந்து குத்தியதாம். இரண்டு மாதமாக ஆறவில்லை. பெரியாஸ்பத்திரி டாக்டர் இனிமேல் குப்பையில் கையே வைக்கக் கூடாது, வைத்தால் விரல் மிஞ்சாது என்று சொல்லிவிட்டார். நகராட்சிக்குச் சின்னக் குப்பை லாரிகள் வந்திருக்கின்றன. இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் லைசென்ஸ் காட்டுகிறவர்களுக்கு ஸ்டீயரிங், மற்றவர்களுக்குப் பழைய தள்ளுவண்டிதான். இவ்வளவையும் முதல் கியரில் போகும்போதே சொல்லி முடித்துவிட்டாள். நான் கேட்கவே இல்லை.

கிளட்ச் மூன்று நாளாக ஒரு மாதிரியாக இருக்கிறது. முழுக்க மிதித்துப் பிடித்திருந்தாலும் வண்டி தானாக முன்னால் ஊர்கிறது. பயிற்சி வண்டி என்பதால் என் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. நான் சட்சட்டென்று இரண்டு மிதி கொடுத்தால் சரியாகிவிடுகிறது. படிக்கிறதுகளுக்குத் தெரியாது.

ஜூன் 4, செவ்வாய்

மெக்கானிக் சிக்கந்தரிடம் காட்டினேன். பானெட்டைத் திறந்து பார்த்தான், பெடலை மிதித்துப் பார்த்தான், அவ்வளவுதான்.

“அண்ணாச்சி, கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் போச்சு. உள்ள இருக்க ரப்பர் தேஞ்சிருச்சு. நீங்க மிதிக்கிற மிதி கிளட்சுக்குப் போய்ச் சேர மாட்டேங்குது, ஆயில் உள்ளேயே நழுவுது. பதினஞ்சு வருச வண்டி, வேற எப்டி இருக்கும்? மாத்திருங்க. அரைநாள் வேல.”

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். காந்திமதிநாதன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“வண்டி ஓடுதா, நிக்குதா?”

“ஓடுது.”

“ஓடுற வண்டிய எதுக்குப் பிரிக்கணும்? ஆடி பிறக்கட்டும் தாமோதரா. கூட்டம் கொறையும், அப்ப பாப்போம். உன் காலுக்குக் கீழயும் ஒரு பெடல் இருக்குல்லா, சமாளி.”

சமாளிக்கலாம். பஸ் ஓட்டியவனுக்கு இது ஒரு பெரிய காரியமா?

ஜூன் 6, வியாழன்

முத்துப்பேச்சிக்கு வாய் நீளம்.

ரயில்வே மேம்பாலம் ஏறுகிற இடத்தில் நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினாள். கிளட்சை மிதித்துத்தான் இருந்தாள், நானே பார்த்தேன். வண்டி ஊர்ந்து முன்னால் நின்ற ஆட்டோவின் பின்பக்கத்தை இடிக்கப் போனது. என் பிரேக்கை மிதித்தேன். நாலு திட்டும் திட்டினேன்.

அவள் மெதுவாகக் கேட்டாள்: “சார், நான் நல்லாத்தான் அமுக்கிருந்தேன். வண்டிலதான் எதும் கோளாறோ?”

எனக்கு வந்ததே கோபம். பின் சீட்டில் இரண்டு பையன்கள் காத்திருக்கிறார்கள், அவர்கள் முன்னால் கேட்கிறாள்.

“ஏம்மா, இருபத்திரண்டு வருசம் ஸ்டீயரிங் புடிச்சவன் நான். நேத்து வந்த நீ வண்டியக் குத்தம் சொல்றியா? கோளாறு வண்டில இல்ல, உன் கால்ல. காலுல தெம்பே இல்ல. தூத்துக்கூட்டுற காலுக்குக் கிளட்ச் எங்க தெரியும்?”

பையன்கள் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

வண்டியைக் குறை சொல்வது சுலபம். சொன்னால் எவன் நம்புகிறான்? அன்றைக்குப் பாளையங்கோட்டை ரோட்டில் பஸ் இடித்தபோது பிரேக் பிடிக்கவில்லை என்று நான் தலைகீழாக நின்று சொன்னேன். டிரைவர் தப்பு என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டான் பஸ் முதலாளி. அதை இப்போது எதற்கு எழுதுகிறேன்.

ஜூன் 10, திங்கள்

டெஸ்ட். கூட்டிப் போன நாலு பேரில் மூன்று பேர் பாஸ். முத்துப்பேச்சி ஃபெயில்.

டெஸ்டில் என் இடத்தில் இன்ஸ்பெக்டர் உட்காருவார். நான் வெளியே நிற்க வேண்டும். மற்ற மூன்று பேரும் ஏற்கெனவே வீட்டு வண்டியைத் திருட்டுத்தனமாக ஓட்டுகிற பயல்கள், எப்படியோ தள்ளிவிட்டான்கள். இவளுக்கு ரிவர்ஸ் கியர் விழவே இல்லை. கர்ர்ரென்று ஒரு சத்தம், பல்லைக் கடிக்கிற மாதிரி. அப்புறம் விழுந்தது. விழுந்ததும் வண்டி அவளைக் கேட்காமலே பின்னால் போய், டெஸ்டுக்காக நட்டிருந்த கம்பியைத் தட்டியது.

“நல்லாப் பழகிட்டு வாம்மா” என்று இன்ஸ்பெக்டர் தன்மையாகத்தான் சொன்னார்.

வெளியே வந்து, “என்ன சார் தப்புப் பண்ணுனேன்?” என்றாள்.

“கால்” என்றேன்.

அடுத்த டெஸ்டுக்கு 24ஆம் தேதிதான் கிடைத்தது. அதை விட்டால் அவளுக்கு இந்த மாதத்தில் வேறு தேதி இல்லை.

ஜூன் 12, புதன்

டிரைவர் பக்கம் கால் மிதியடி ஈரமாக இருந்தது. விரலை வைத்துப் பார்த்தேன், பிசுபிசுவென்று கிளட்ச் ஆயில். இப்போது வெளியிலும் ஒழுக ஆரம்பித்துவிட்டது. பானெட்டைத் திறந்து ஆயில் டப்பாவில் கொஞ்சம் ஊற்றி நிரப்பினேன்.

முத்துப்பேச்சி ஏறியதும் செருப்பு வழுக்கிக் கால் பெடலை விட்டுப் போனது. கீழே குனிந்து பார்த்து, “ஈரமா இருக்கு சார்” என்றாள்.

“இருக்காதா? சாக்கடைல நின்ன காலோட வந்து ஏறுனா வேற என்ன இருக்கும்?”

அவள் செருப்பைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு கழற்றிச் சாலையோரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓட்டினாள். முடிந்ததும் மிதியடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

ஜூன் 13, வியாழன்

மிதியடியைச் சோப்புப் போட்டுத் துவைத்துக் காய வைத்துக் கொண்டுவந்து விரித்தாள். பத்து வருடத்தில் அது இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. கையில் கட்டு நனைந்திருந்தது.

“கையோட துவைச்சியா?” என்று கேட்டேன்.

“ஒத்தக் கையால முடியல சார். பரவால்ல. நான்தான அழுக்காக்குனேன்.”

சாயங்காலம் மறுபடியும் ஈரம். கிழிந்த சாக்கு ஒன்றை அதன் கீழே போட்டு வைத்தேன்.

ஜூன் 14, வெள்ளி

காலுக்குத் தெம்பு வர வேண்டும் என்று தினமும் வீட்டுச் சுவரில் இடது காலை வைத்து ஒரு மணி நேரம் அமுக்குகிறாளாம். முழங்கால் வீங்கியிருக்கிறது. நொண்டிக்கொண்டே வந்தாள். சொன்ன பேச்சைக் கேட்கிறாள் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

என் வீட்டில் நான் சொல்வதை யார் கேட்கிறார்கள்? டீ கேட்டால் வர ஒரு மணி நேரம் ஆகிறது.

ஜூன் 15, சனி

ஒரு யோசனை. நான் என் பெடலில் செய்வதை அவளையே செய்யச் சொன்னால் என்ன?

“இங்க பாரு. கியர் மாத்தும்போது ஒரு மிதி மிதிக்காத. சட்சட்டுன்னு ரெண்டு மிதி. ரெண்டாவது மிதில தரை வரைக்கும் போகணும். விடும்போது தரைய விட்டு ஒரு நூல் தூக்குனா போதும், வண்டி கிளம்பிரும். புரியுதா?”

“எல்லா வண்டிக்கும் இப்டித்தானா சார்?”

“இது பஸ்காரன் வித்தை. எல்லாருக்கும் சொல்லித் தர மாட்டேன்.”

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வண்டிக்கு அது வித்தைதான்.

ஜூன் 18, செவ்வாய்

எழுதியே ஆக வேண்டும். இன்று முத்துப்பேச்சி மேம்பாலத்தின் நடுவில், பின்னால் லாரி நிற்க, முன்னால் பஸ் நிற்க, நிறுத்தி எடுத்தாள். ஒரு அங்குலம் பின்னால் வரவில்லை. ரெண்டு மிதி, கியர், ஒரு நூல் தூக்கல், பூப்போலக் கிளம்பியது. நான் என் பெடலில் காலே வைக்கவில்லை. செத்த கிளட்ச்சை வைத்துக்கொண்டு இப்படி எடுக்க எனக்கே இரண்டு தடவை யோசிக்க வேண்டும்.

வாய் தவறி “சபாஷ்” என்று சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான், ஓரமாக நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சார் மட்டும் இல்லன்னா நான் இந்தக் கால வச்சுக்கிட்டு என்ன செஞ்சிருப்பேன்” என்றாள். எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. வெயில் அதிகம், வண்டியில் ஏசியும் இல்லை.

24இல் நிச்சயம் பாஸ்.

ஜூன் 20, வியாழன்

முதலாளியின் மருமகள் சென்னையிலிருந்து வந்திருக்கிறார். ஹரிணி. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். ஏறி உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை.

“அங்கிள், கிளட்ச் சரியில்ல. உள்ளயே போயிடுது. இதை எப்படி ஓட்டறது?”

“ஆமாம்மா, கொஞ்சம் ரிப்பேர் இருக்குங்க. ரொம்ப நாளா நானும் சொல்லிட்டுதான் இருக்கேன்” என்றேன்.

மத்தியானமே முதலாளி போன். “என்ன தாமோதரா, வண்டிய இந்த லட்சணத்துல வச்சிருக்க? புள்ள பயந்துபோய் வந்துருக்கு. நாளைக்கே மாத்து.”

ஆடி பிறக்க இன்னும் நாள் இருக்கிறது என்று சொல்லத் தோன்றியது.

ஜூன் 21, வெள்ளி

சிலிண்டர் மாற்றியாயிற்று. இன்று வகுப்பு கிடையாது என்று எல்லோருக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன். ரிப்பேர் என்று சொல்லவில்லை, சொந்த வேலை என்றேன்.

சிக்கந்தர் முதலில் டப்பாவில் இருந்த ஆயிலை ஊசியால் உறிஞ்சி எடுத்தான். பழைய டிக்காஷன் மாதிரி கருப்பு. பிறகு டிரைவர் சீட்டில் தலைகீழாகப் படுத்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே தலையை விட்டு, பெடலில் கோர்த்திருந்த பின்னைக் கழற்றினான். இரண்டு நட்டு, ஒரு குழாய், சிலிண்டர் கையோடு வந்துவிட்டது. என் கட்டைவிரலை விடக் கொஞ்சம் பெரிசு. இதற்குத்தான் இவ்வளவு பாடு. உள்ளே இருந்த ரப்பரை ஆணியால் குத்தி எடுத்தான். துண்டு துண்டாக வந்தது.

“அண்ணாச்சி, இதயா வச்சு ஆளுகளுக்குக் கத்துக் குடுத்தீங்க? படிக்கிறவங்க பாவம் உங்கள சும்மா விடாது.”

“வாய மூடிட்டு நட்ட முடுக்கு.”

புதுசை மாட்டி ஆயில் ஊற்றினான். குழாய்க்குள் இருக்கிற காற்றை வெளியேற்ற நான் மேலே உட்கார்ந்து மிதிக்க வேண்டும், அவன் வண்டிக்குக் கீழே படுத்து நிப்பிளைத் திறக்க வேண்டும். “அமுக்குங்க... புடிங்க... விடுங்க...” நுரை நின்று ஆயில் கோடு போட்ட மாதிரி வருகிற வரைக்கும் அதேதான். கடைசியில் பெடலை மிதித்தால், அடடா, பதினைந்து வருடம் திரும்பி வந்த மாதிரி. ஒரு மிதி போதும். பாதித் தூரம் விடுவதற்கு முன்னால் கிளம்புகிற பேச்சே இல்லை.

கையைத் துடைத்துக்கொண்டே சிக்கந்தர் சொன்னான்: “அந்த நகராட்சி அக்காவுக்குத் திங்கக்கிழமை டெஸ்டுன்னுச்சே. அதுட்ட சொல்லிருங்க. கிளட்ச் புடிக்கிற எடம் இப்ப நல்லா மேல வந்துருச்சு. பழைய ஞாபகத்துல ஓட்டுனா காலி. நாளைக்கு ஒரு மணி நேரமாச்சும் ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க.”

எனக்கு இவன் பாடம் எடுக்கிறான்.

ஜூன் 22, சனி

முத்துப்பேச்சி ஆறு மணிக்கே வந்து நின்றாள். “சார், டெஸ்டுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவ.”

ஹரிணியும் அதே நேரத்துக்கு வந்துவிட்டார்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். கிளட்ச்சை மாற்றியிருக்கிறது என்று சொன்னால், ஏன் மாற்றினீர்கள் என்று கேட்பாள். முன்னால் என்ன இருந்தது என்று கேட்பாள். அவளுக்குத்தான் வாய் நீளமாயிற்றே. சுவரை அமுக்கி வீங்கின முழங்காலோடு முதலாளி மருமகள் முன்னால் நின்று கேட்டால் நான் என்ன சொல்வது? பேப்பர், மிதியடி எல்லாவற்றையும் எடுத்து வைப்பாள்.

“உனக்குத்தான் நல்லா வந்துருச்சே. முழங்கால் வேற வீங்கிக் கெடக்கு. போய்க் காலுக்கு ரெஸ்ட் குடு. திங்கக்கிழமை நேரா ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வந்துரு” என்றேன்.

“ரெண்டு மிதி. தரைய விட்டு ஒரு நூல்” என்று ஒப்பித்துக் காட்டினாள்.

“அதான்” என்றேன்.

ஹரிணி இன்றைக்கே மூன்றாவது கியர் வரை போனார்.

ஜூன் 23, ஞாயிறு

லீவு. போன் செய்யலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். பிறகு அவளே டெஸ்டில் சமாளித்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன். அவ்வளவு நன்றாக ஓட்டுகிறாளே.

ஜூன் 24, திங்கள்

நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். பச்சைக் கோட் இல்லை. நான் பேப்பர் விரிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் ஏறி உட்கார்ந்தார். அவள் சாமி கும்பிட்டுவிட்டு ரெண்டு மிதி மிதித்தாள். கல் மாதிரி இருந்திருக்க வேண்டும், திடுக்கிட்டுப் பெடலைக் குனிந்து பார்த்தாள். கியரைப் போட்டாள். தரையை விட்டு ஒரு நூல் தூக்கினாள். வண்டி அசையவில்லை. இன்னும் ஒரு நூல். அசையவில்லை. ஆக்சிலேட்டரைக் கொடுத்தாள், இஞ்சின் கத்தியது. “கெளம்பும்மா” என்றார் அவர். பயந்துபோய்க் காலை மொத்தமாக எடுத்துவிட்டாள். வண்டி தவளை மாதிரி குதித்து, கம்பியைச் சாய்த்து, அதைத் தாண்டி நின்றது. வேறொரு டிரைவிங் ஸ்கூலிலிருந்து டெஸ்டுக்கு வந்த பெண் ஒருத்தி ஓரமாக நின்றிருந்தாள். ஒரு அடியில் தப்பித்தாள்.

இன்ஸ்பெக்டர் இறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“இந்த வண்டிலதான பழகுன?”

“ஆமா சார்.”

“மாஸ்டர், வண்டில எதும் பிராப்ளமா?”

அவளும் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

“வண்டி நல்ல கண்டிஷன் சார். நீங்களே பாருங்க.”

அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார். ஒரு வட்டம் அடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார். “கிளட்ச் புதுசு மாதிரி இருக்கும்மா. இதுலயே உனக்கு வரலன்னா ரோட்டுல ஆளக் கொன்னுருவ. இன்னும் நல்லாப் பழகணும். போ.”

அவள் வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள்.

“சார், வேற தேதி எதும்...”

“ஒரு வாரம் கழிச்சுத்தான் விடுவாங்க.”

“அதுக்குள்ள முப்பது தாண்டிருமே சார்.”

“அதுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்?”

திரும்பி வரும்போது வண்டியில் ஏறிக்கொள் என்றேன். நடந்தே போய்விட்டாள்.

ஜூன் 26, புதன்

சிக்கந்தர் வந்தான். அக்கா பாஸா என்று கேட்டான். பயத்தில் விட்டுவிட்டாள் என்றேன். “நீங்க சொன்னீங்கள்ல?” என்றான். சொன்னேன் என்றேன்.

ஜூன் 30, ஞாயிறு

ஹரிணி சென்னைக்குக் கிளம்பினார். “சூப்பரா கத்துக்கொடுத்தீங்க அங்கிள்” என்று ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார். வண்டி ஒரு சொட்டுக் கூட ஒழுகவில்லை.

ஜூலை 8, திங்கள்

காலையில் எங்கள் டிரைவிங் ஸ்கூல் வாசலில் தள்ளுவண்டி நின்றது. முத்துப்பேச்சி, கூடவே இருபத்தைந்து வயதில் ஒரு பெண். கட்டு இப்போது உள்ளங்கை வரைக்கும் வந்திருக்கிறது. அந்த ஒரு விரலின் இடம் தட்டையாக இருந்தது. நான் அங்கே பார்க்கவில்லை.

சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். எதைச் சொல்லிச் சமாளிப்பது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே எழுந்தேன்.

“இவ செண்பகவல்லி சார், எங்க கூட வேல பாக்குறா. அடுத்து வண்டி வரும்போது லைசென்ஸ் இருந்தா குடுப்பாங்களாம். சார்ட்டதான் படிக்கணும்னு நான்தான் இழுத்துட்டு வந்தேன்.”

“நீ வரலையா? உனக்கும்தான குடுப்பாங்க?”

“எனக்கு எதுக்கு சார்? நீங்க மொதல்லயே கால்தான்னு சொன்னீங்க, நான்தான் கேக்காம வண்டியப் போயிக் குத்தம் சொன்னேன். அன்னைக்கு அந்தப் புள்ள மேல ஏத்திருந்தா? அத நெனச்சா இன்னும் தூக்கம் வரல.”

பிறகு அந்தப் பெண்ணை முன்னால் தள்ளினாள். “இவளுக்குக் கால் நல்லாருக்கு சார். என் கைல கால வச்சு அமுக்கச் சொல்லிப் பாத்துட்டுத்தான் கூட்டியாந்தேன்.”

செண்பகவல்லியை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று முத்துப்பேச்சி பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். “கிளட்ச்ச மிதிம்மா. ஒரு மிதி போதும். மெதுவா விடு” என்றேன். அந்தப் பெண் மிதித்தாள், விட்டாள். வண்டி அலுங்காமல் கிளம்பியது.

பின்னாலிருந்து முத்துப்பேச்சி குனிந்து அவள் தோளைத் தட்டினாள்.

“பாத்தியாடி? வண்டில ஒண்ணுமே இல்ல. எல்லாம் நம்ம கால்லதான் இருக்கு. என்ன சார்?”

“ஆமா” என்றேன்.